செகாவின் கடிதங்கள் 'செர்ரித் தோட்டம்' போட உதவுமா?

கேள்வி இதுதான்: "எங்கள் குழு ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தை மேடையேற்றப் போகிறது. செகாவ் அதை நகைச்சுவை நாடகம் என்கிறார், அதை முதலில் மேடையேற்றிய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியோ அது துன்பியல் என்று பிடிவாதமாக இருந்தார் என்கிறார்கள். செகாவ் எழுதிய கடிதங்களைப் படித்தால் இதற்கு ஒரு முடிவு கிடைக்குமா? எங்கிருந்து தொடங்குவது?"

கிடைக்கும். ஆனால் 'இந்த நாடகத்தின் அர்த்தம் இது' என்று செகாவ் எங்காவது எழுதி வைத்திருப்பார் என்று தேடினால் ஏமாந்துபோவீர்கள். கழுத்துப்பட்டை, மெழுகுவத்தி, தவளைச் சத்தம், ஓர் அங்கம் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பது போன்ற விஷயங்களில்தான் அவர் பேசுகிறார். அப்படிப் பேசுவது அவருக்கு ஆரம்பத்திலேயே வந்துவிடவில்லை. அர்த்தத்தைப் பக்கம் பக்கமாக விளக்கிப் பார்த்து, அலுத்துப்போய், பிறகுதான் இந்த வழிக்கு வந்தார் என்பது என் வாசிப்பு. அந்த மாற்றத்தைக் கடிதங்களில் வருடவாரியாகவே பார்க்க முடியும். அதனால்தான் நேராக 1903-க்குப் போகாமல் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்று. செகாவ் எழுதியவற்றில் இன்று கிடைப்பவை சுமார் 4,400 கடிதங்கள். 44 வயதில் இறந்துபோன ஒரு மனிதர், மருத்துவமும் பார்த்துக்கொண்டு, கதைகளும் எழுதிக்கொண்டு, இத்தனை கடிதங்களை எழுதியிருக்கிறார். தனக்கு வந்தவற்றையும் தூக்கிப் போடவில்லை. ஆண்டு முடிவில் ஆள்வாரியாகப் பிரித்துக் கட்டி வைப்பார். நாடகம் பற்றிய கடிதங்கள் இவ்வளவு விரிவாகக் கிடைப்பதற்கு இன்னொரு காரணம் அவருடைய காசநோய். 1897 மார்ச்சில் மாஸ்கோவில் பதிப்பாளர் சுவோரினுடன் சாப்பிட உட்கார்ந்தபோது வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. அதன்பிறகு குளிர்காலத்தைத் தெற்கே கழிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் கிரிமியாவில் யால்டாவில் வீடு கட்டிக் குடியேற, அவருடைய நாடகங்களைப் போட்ட அரங்கம் மாஸ்கோவில் இருந்தது. ஒத்திகைக்குப் போய் உட்கார முடிந்திருந்தால் வாயால் சொல்லியிருப்பார், நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. போக முடியாததால் எழுதினார். (கீழே நான் தரும் தேதிகள் எல்லாம் அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி. நம் கணக்குக்கு 19-ஆம் நூற்றாண்டில் 12 நாளும் 20-இல் 13 நாளும் கூட்டிக்கொள்ளுங்கள்.)

சரி, முதலில் 'இவானோவ்' நாடகம். 1887 நவம்பர் 19 அன்று மாஸ்கோவில் கோர்ஷ் என்பவரின் அரங்கில் முதல் காட்சி. மறுநாளே அண்ணன் அலெக்ஸாந்தருக்கு எழுதிய கடிதத்தைக் கட்டாயம் படியுங்கள். பத்து ஒத்திகை என்று வாக்குக் கொடுத்துவிட்டு நான்குதான் வைத்தார்கள், அதிலும் இரண்டுதான் ஒத்திகை, மற்ற இரண்டும் நடிகர்கள் தங்களுக்குள் வார்த்தைச் சண்டை போட்டுக்கொள்ள வைத்த போட்டிகள் என்கிறார். வசனம் தெரிந்தவர்கள் இரண்டே பேராம். நம் ஊரில் நாடகம் போட்டவர் யாரும் இந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது.

அடுத்து அதே நாடகம் பீட்டர்ஸ்பர்க்கில் அரசு அரங்கமான அலெக்சாந்திரின்ஸ்கியில் 1889 ஜனவரியில் வர இருந்தது. அங்கே இயக்குநருக்கும் நடிகர்களுக்கும் இவானோவ் எப்படிப்பட்ட ஆள் என்பதே பிடிபடவில்லை என்று தெரியவந்ததும், 1888 டிசம்பர் 30 அன்று சுவோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். செகாவ் தன் நாடகத்தைப் பற்றி எழுதியதிலேயே நீளமான விளக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். இவானோவ் யார், டாக்டர் ல்வோவ் யார், சாஷா ஏன் அவனைக் காதலிக்கிறாள் என்று ஒவ்வொருவராக எடுத்து அலசுகிறார். ரஷ்யப் படிப்பாளியின் உற்சாகம் எப்படிச் சீக்கிரமே களைப்பாக மாறுகிறது என்பதற்குக் கோட்டுப்படமே வரைந்து காட்டுகிறார். இவானோவைப் பழைய நாவல்களில் வரும் உதவாக்கரை நாயகனாகவும், ல்வோவைப் பெரிய மனிதனாகவும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் நாடகத்தையே திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதுகிறார். 28 வயது. எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. இயக்குநர்களுக்கு அது தங்கச் சுரங்கம்தான். ஆனாலும் படித்து முடித்த பிறகு, இவானோவாக நடிக்க வேண்டியவர் அடுத்த நாள் ஒத்திகையில் கையை எங்கே வைத்துக்கொள்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சுவோரினைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். 'நோவயே விரெம்யா' பத்திரிகையின் முதலாளி, பதிப்பாளர், தானும் நாடகம் எழுதியவர், அரங்கப் பித்தர். செகாவைவிட கால் நூற்றாண்டு மூத்தவர். செகாவ் மனம்விட்டுப் பேசியது இவரிடம்தான். மருத்துவம் என் மனைவி, இலக்கியம் என் காதலி என்ற பிரபலமான வரி (1888 செப்டம்பர்) இவருக்கு எழுதியது. பிரச்சினைக்குத் தீர்வு சொல்வதையும் பிரச்சினையைச் சரியாக முன்வைப்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், கலைஞனுக்கு இரண்டாவது மட்டும்தான் கடமை என்று சொன்னதும் (1888 அக்டோபர் 27) இவரிடமே. பின்னால் 1898-இல் திரைஃபுஸ் வழக்கில் (பிரான்சில் ஒரு யூத ராணுவ அதிகாரி மீது பொய்யாகத் தேசத்துரோகப் பழி சுமத்திய வழக்கு) சுவோரினின் பத்திரிகை யூத வெறுப்பைக் கக்கியபோது, செகாவ் நீஸ் நகரிலிருந்து, அந்த அதிகாரிக்காகக் குரல்கொடுத்த எழுத்தாளர் ஸோலாவின் பக்கம் நின்று எழுதினார். அந்த நட்பு அதற்குப் பிறகு பழையபடி ஆகவில்லை. செகாவ் இறந்த பின் சுவோரின் தான் எழுதிய கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார், அவை இன்று இல்லை. ஆக, செகாவின் மிகச் சிறந்த கடிதங்களில் பெரும்பகுதி எதிராளியின் குரல் இல்லாமல்தான் நமக்குக் கிடைக்கிறது. எந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் சொல்கிறார் என்று பல இடங்களில் ஊகிக்கத்தான் வேண்டும்.

'காட்டுப் பூதம்' தோல்வியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 1889-இல் மாலி அரங்கின் நடிகர் லென்ஸ்கி அதைப் படித்துவிட்டு, நீங்கள் கதை எழுதுங்கள், மேடையையும் நாடக வடிவத்தையும் மிகவும் ஏளனமாகப் பார்க்கிறீர்கள் என்று எழுதினார். அந்த நாடகத்தின் எலும்பிலிருந்துதான் பிறகு 'வான்யா மாமா' வந்தது. லென்ஸ்கி சொன்னது முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியாது. அன்றைய மேடையை செகாவ் மதிக்கவில்லைதான்.

இப்போது 'கடற்பறவை'. 1895 அக்டோபர் 21 அன்று சுவோரினுக்கு எழுதும்போது உற்சாகமாக இருக்கிறார். மேடை விதிகளுக்கு எதிராகப் பயங்கரமாகப் பாவம் செய்துகொண்டிருக்கிறேன், நகைச்சுவை நாடகம், மூன்று பெண் பாத்திரம், ஆறு ஆண் பாத்திரம், நான்கு அங்கம், ஓர் ஏரிக் காட்சி, இலக்கியம் பற்றி நிறையப் பேச்சு, செயல் கொஞ்சம், ஐந்து பூத் காதல் என்று பட்டியல் போடுகிறார். பூத் என்பது ரஷ்ய எடை, 16 கிலோவுக்குச் சற்று மேல். 80 கிலோ காதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்! எழுதி முடித்ததும், உரக்கத் தொடங்கி மெல்லிய ஒலியில் முடித்திருக்கிறேன், நாடகக் கலையின் விதிகளுக்கு நேர் எதிராக என்றார். இந்த இரண்டு வரிகளையும் உங்கள் நடிகர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். செகாவின் நாடகம் எப்படிக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான குறிப்பு கிடையாது.

1896 அக்டோபர் 17 அன்று அலெக்சாந்திரின்ஸ்கியில் அரங்கேற்றம். ஒரு நகைச்சுவை நடிகையின் மரியாதைக் காட்சி அது. வயிறு குலுங்கச் சிரிக்க வந்த கூட்டம் நீனாவின் தனிமொழியைக் கேட்டுச் சிரித்தது. செகாவ் பாதியில் எழுந்து போய்விட்டார், மறுநாள் ஊரையே விட்டுக் கிளம்பினார். இனி ஒருபோதும் நாடகம் எழுதவும் மாட்டேன், போடவும் மாட்டேன் என்று சுவோரினுக்கு ஒரு கடிதம். நான்கு நாள் கழித்து, பெண்பிள்ளை மாதிரி ஓடிப்போய்விட்டீர்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக இன்னொரு கடிதம் (அக்டோபர் 22): வீட்டுக்கு வந்தேன், விளக்கெண்ணெய் குடித்தேன், குளிர்ந்த நீரில் குளித்தேன், இப்போது புது நாடகமே எழுதலாம் போல இருக்கிறது. முதல் கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. இரண்டாவதையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரிகிறார்.

அதே வாரத்தில் அவருக்கு வந்த ஒரு கடிதத்தையும் பார்க்க வேண்டும். நீனாவாக நடித்த வேரா கோமிசார்ஷெவ்ஸ்கயா 21-ஆம் தேதி இரவு, இப்போதுதான் அரங்கிலிருந்து திரும்பினேன், நாம் ஜெயித்துவிட்டோம், முழு வெற்றி, ஒருமனதான வெற்றி என்று எழுதினார். இரண்டாவது காட்சியிலிருந்தே கூட்டத்தின் போக்கு மாறிவிட்டது. 'கடற்பறவை' தோற்றது என்று நாம் சொல்லும் கதை அந்த முதல் ராத்திரியின் கதைதான்.

இரண்டு வருடம் கழித்து நெமிரோவிச்-தான்சென்கோ வருகிறார். அவரும் நாடகாசிரியர்தான். தனக்குக் கிடைத்த ஒரு பரிசு 'கடற்பறவை'க்குப் போயிருக்க வேண்டும் என்று சொன்ன பெருந்தன்மைக்காரர். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியுடன் சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கும் வேளையில், 1898 ஏப்ரலில், அந்த நாடகத்தைக் கேட்டு எழுதினார். செகாவ் மறுத்தார். அரங்கத்தின் பதற்றத்தை இன்னொரு முறை தாங்க முடியாது என்றார். மே மாதம் மறுபடியும் கடிதம்: நீ கொடுக்காவிட்டால் என் கழுத்தை அறுத்த மாதிரி, இயக்குநராக என்னை இழுத்துப்பிடிக்கும் ஒரே சமகால நாடகம் அதுதான். செகாவ் இளகிவிட்டார். நீ என் வீட்டுக்கு வா, உன்னைப் பார்த்துப் பேசும் சந்தோஷத்துக்காக என் எல்லா நாடகத்தையும் கொடுத்துவிடுவேன் என்று பதில். 20-ஆம் நூற்றாண்டு நாடகக் கலையின் பாதை ஒரு சக எழுத்தாளரின் விடாப்பிடியான இரண்டு கடிதங்களில் திரும்பியது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் அந்த டிசம்பர் 17-இல் 'கடற்பறவை' வெற்றி பெறாமல் இருந்திருந்தால் கலை அரங்கமே நிலைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த இடத்தில் கடிதங்களைப் படிக்கும் முறை பற்றி ஓர் எச்சரிக்கை. 1899 மே மாதம் செகாவ் மாஸ்கோவில் இருந்தபோது செட் இல்லாமல் அவருக்காக மட்டும் 'கடற்பறவை'யை நடித்துக் காட்டினார்கள். திரிகோரினாக நடித்தவர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. நேரில் செகாவ் அவரிடம், அருமையாக நடிக்கிறீர்கள், ஆனால் கிழிந்த செருப்பும் கட்டம் போட்ட கால்சட்டையும் வேண்டும் என்றாராம். இதை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று புரியாமல் பல நாள் குழம்பியிருக்கிறார் மனிதர். அதே மாதம் கார்க்கிக்கு எழுதிய கடிதத்தில் செகாவ் உடைத்தே சொல்கிறார்: நீனா முழு நேரமும் விம்மி விம்மி அழுதாள், திரிகோரின் பக்கவாதம் வந்தவன் போல நடந்தான், பேசினான், பார்க்கவே குமட்டியது. செகாவின் கோபம் பெரும்பாலும் மூன்றாம் ஆளுக்குத்தான் போய்ச் சேரும். சம்பந்தப்பட்டவருக்குப் போவது நயமான ஒரு வரி, அல்லது ஒரு செருப்பு. அதனால் எந்தக் கடிதத்தைப் படித்தாலும் உறையின்மேல் யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கார்க்கியுடன் நடந்த கடிதப் போக்குவரத்து 1898 இலையுதிர்காலத்தில் தொடங்கியது. அது தனி உலகம், இங்கே தொட்டுவிட்டு மட்டும் போகிறேன். உங்களிடம் அடக்கம் போதாது, நாடகம் பார்க்கும்போது தானும் கேட்காமல் பக்கத்தில் இருப்பவரையும் கேட்கவிடாமல் ஆரவாரம் செய்யும் பார்வையாளர் மாதிரி எழுதுகிறீர்கள் என்று செகாவ் அவரைக் கண்டித்தார். பெயரடையையும் வினையடையையும் வெட்டுங்கள், 'மனிதன் புல்லில் உட்கார்ந்தான்' என்றால் உடனே புரிகிறது என்றார். கார்க்கியை நாடகம் எழுதத் தூண்டியதும் இவர்தான். 1902-இல் கார்க்கியை அறிவியல் கழகத்தின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துவிட்டு, போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர் என்று சொல்லி அந்தத் தேர்வை ரத்து செய்தபோது, செகாவும் எழுத்தாளர் கொரலென்கோவும் தங்கள் உறுப்பினர் பதவியைத் துறந்தார்கள். அந்த ராஜினாமாக் கடிதம் சின்னது, உணர்ச்சி வசப்படாதது. அலட்டிக்கொள்ளாமல் எதிர்ப்புத் தெரிவிப்பது எப்படி என்று அதில் பார்க்கலாம்.

உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது ஓல்கா நிப்பருக்கு எழுதியவைதான். கலை அரங்கின் நடிகை, 1901 மே மாதம் முதல் செகாவின் மனைவி. வருடத்தில் பாதி நாள் அவர் மாஸ்கோவில் மேடையில், இவர் யால்டாவில் இருமலோடு. செகாவ் அவருக்கு எழுதியவை மட்டும் 400-க்கும் மேல். கொஞ்சலும் குறும்பும் வீட்டுச் செலவும் மருந்தும் கலந்து வரும், நடுவில் திடீரென்று ஒரு நடிப்புக் குறிப்பு இருக்கும்.

1899 செப்டம்பர் 30 கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'வான்யா மாமா' ஒத்திகை நடக்கிறது. கடைசி அங்கத்தில் ஆஸ்த்ரோவ் எலெனாவிடம் பொங்கும் காதலோடு, நீரில் மூழ்குகிறவன் துரும்பைப் பிடிப்பது போலப் பேசுகிறான் என்று ஓல்கா எழுதியிருந்தார். செகாவ் தவறு, முழுக்கத் தவறு என்று பாய்கிறார். அவள் அழகு அவனுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் இனி ஒன்றும் நடக்காது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ஆப்பிரிக்காவில் வெயில் கொளுத்துகிறது என்று சொல்லும் அதே தொனியில்தான் அவளிடமும் பேசுகிறான், முத்தம் கொடுப்பதும் சும்மா, வேறு வேலை இல்லாததால். இவானோவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவர் இங்கே ஒரே ஒரு தொனியைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார். நடிகருக்கு அது போதும். ஆப்பிரிக்க வெயிலைப் பற்றிய வசனம் நாடகத்திலேயே இருக்கிறது, எடுத்துச் சொல்லிப் பார்த்தாலே போதும்.

(அந்த நாடகத்தின் முதல் காட்சி முடிந்தபின் வந்த கதையையும் விட முடியவில்லை. வாழ்த்துத் தந்திகள் யால்டாவுக்கு ராத்திரியில் வந்தன. தபால் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் வாசிப்பார்கள். இவர் ஒவ்வொரு முறையும் இருட்டில், வெறுங்காலோடு, குளிரில் ஓடிப்போய் எடுத்திருக்கிறார். என் புகழ் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான் முதல் தடவை என்று ஓல்காவுக்கு எழுதினார். மறுநாள் படுக்கைப் பக்கத்தில் செருப்பும் அங்கியும் தயாராக வைத்துக்கொண்டு படுத்தாராம், ஒரு தந்தியும் வரவில்லை.)

'மூன்று சகோதரிகள்' ஒத்திகையின்போது அவர் நீஸில் இருந்தார். 1900 டிசம்பர் முதல் 1901 ஜனவரி முடிய அவர் எழுதியவற்றை ஒரே மூச்சில் படித்துவிடலாம். மாஷாவாக நடிக்கும் ஓல்காவுக்கு: எந்த அங்கத்திலும் சோக முகம் வைத்துக்கொள்ளாதே. கோபம் இருக்கலாம். துக்கத்தை நெடுநாளாக உள்ளே சுமந்து பழகியவர்கள் சீழ்க்கை அடிப்பார்கள், அடிக்கடி யோசனையில் ஆழ்ந்துவிடுவார்கள், அவ்வளவுதான். மூன்றாம் அங்கத்தில் மாஷா தன் காதலைச் சகோதரிகளிடம் சொல்வது பாவமன்னிப்புக் கேட்பது போல இருக்கக் கூடாது, வெறும் வெளிப்படையான பேச்சு. கத்தாதே, எப்போதாவது ஒரு புன்னகை வேண்டும், முக்கியமாக அந்த ராத்திரியின் அலுப்பு தெரிய வேண்டும். அந்த அங்கத்தில் ஊரில் தீப்பிடித்திருக்கிறது, எல்லாரும் விடிய விடியத் தூங்காதவர்கள். அந்த உடல் அலுப்பைக் கொண்டுவந்துவிட்டால் உணர்ச்சி தானாக வரும் என்று இன்றைய நடிப்புப் பயிற்சியாளர்கள் சொல்வதை, செகாவ் ஒரு தபாலில் சொல்லிவிட்டார்.

ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கும் எழுதினார். நதாஷா ராத்திரியில் விளக்குகளை அணைத்துக்கொண்டு, மேசை நாற்காலிக்கு அடியில் திருடன் இருக்கிறானா என்று தேடுவதாக அவர் ஒரு காட்சி யோசித்திருந்தார். நல்லதுதான், ஆனால் லேடி மேக்பெத் மாதிரி கையில் மெழுகுவத்தியோடு யாரையும் பார்க்காமல் நேர்கோட்டில் மேடையைக் கடந்து போனால் சுருக்கமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும் என்றார் செகாவ். இது ஒரு பக்கம். மறுபக்கம், துப்பாக்கிச் சண்டையில் இறந்த துஸென்பாக்கின் உடலைக் கடைசியில் மேடை வழியாகத் தூக்கிப்போக வேண்டாம் என்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கி சொன்னபோது, நீங்கள் சொல்வது ஆயிரம் மடங்கு சரி, எழுதும்போதே எனக்கும் தோன்றியது என்று உடனே ஒப்புக்கொண்டார். இருவரையும் ஓயாத எதிரிகளாகக் காட்டும் கட்டுரைகள் இந்தக் கடிதத்தைச் சௌகரியமாக மறந்துவிடுகின்றன.

இப்போது உங்கள் நாடகத்துக்கு வருவோம்.

1903 செப்டம்பர் 15 அன்று, ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மனைவியும் நடிகையுமான லிலினாவுக்கு எழுதுகிறார்: நான் எழுதியது துன்ப நாடகமாக வரவில்லை, நகைச்சுவையாகத்தான் வந்திருக்கிறது, சில இடங்களில் கேலிக்கூத்தாகவே. அக்டோபர் நடுவில் பிரதி மாஸ்கோ போய்ச் சேர்கிறது. ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அக்டோபர் 22 அன்று பதில் எழுதுகிறார்: பெண்பிள்ளை போல அழுதேன், அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. 'ஐயா, அது கேலிக்கூத்து' என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. இல்லை, சாதாரண மனிதனுக்கு இது துன்பியல். இதற்கு அடுத்த நாள், நெமிரோவிச் அனுப்பிய தந்தியைப் பார்த்து செகாவ் அவருக்கு எழுதிய கடிதம்தான் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். நாடகத்தில் அழுகிறவர்கள் நிறையப் பேர் என்கிறாயே, எங்கே இருக்கிறார்கள்? வார்யா (தோட்டத்துச் சொந்தக்காரியின் வளர்ப்பு மகள்) ஒருத்திதான், அவளும் இயல்பிலேயே அழுமூஞ்சி. 'கண்ணீரினூடே' என்று நான் அடிக்கடி எழுதுகிறேன், அது முகத்தின் மனநிலையைக் காட்டுவதற்கு, கண்ணீர் கொட்டுவதற்கு இல்லை.

இந்த ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பிரதியைத் திறந்து, அந்த மேடைக்குறிப்பு வரும் இடங்களை எல்லாம் தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் நடிகர் அழக் கூடாது என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாடகம் வேறு மாதிரி ஆகிவிடும். நகைச்சுவையா துன்பியலா என்று உட்கார்ந்து வாதாடுவதைவிட இது பயன் தரும்.

அடுத்து லொபாகின், கடைசியில் தோட்டத்தை ஏலத்தில் எடுக்கும் வியாபாரி. செகாவ் அந்தப் பாத்திரத்தை ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை நினைத்தே எழுதினார். அது சரியாக வராவிட்டால் நாடகமே விழுந்துவிடும் என்று ஓல்காவுக்கு எழுதினார். கத்திப் பேசும் நடிகர் வேண்டாம், அவன் மென்மையான ஆள். அக்டோபர் 30 அன்று ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கே எழுதியதில், லொபாகின் வியாபாரிதான், ஆனால் எல்லா வகையிலும் கண்ணியமானவன், படித்தவன் போல நடந்துகொள்ள வேண்டும், சில்லறைத்தனம் கூடாது என்கிறார். வார்யா போன்ற தீவிரமான, பக்தியுள்ள பெண் ஒரு பணப்பிசாசைக் காதலிக்க மாட்டாள் என்று ஒரு வாதமும் வைக்கிறார். பாருங்கள், இங்கேகூட லொபாகினின் உள்மனதை அலசவில்லை, அவனை யார் காதலிக்கிறாள் என்று கேட்கச் சொல்கிறார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி கடைசியில் தோட்டத்துச் சொந்தக்காரியின் சகோதரன் காயெவ் வேடத்தை எடுத்துக்கொண்டார். தன் குடும்பமே ஆலை முதலாளிகளின் குடும்பம் என்பதால் வியாபாரி வேடம் அவரை உறுத்தியிருக்கலாம், இது என் ஊகம். ஆனால் நாடகத்தின் எடை அதனால் தோட்டத்தை வாங்குகிறவனிடமிருந்து இழக்கிறவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றுவரை பல தயாரிப்புகள் அந்தச் சாய்விலிருந்து நிமிரவில்லை. தமிழில் போடும்போது இதில் கவனமாக இருங்கள். நிலம் கைமாறுவதும், ஒரு காலத்தில் அந்தப் பண்ணையில் அடிமையாய் இருந்தவனின் மகன் அதை ஏலத்தில் எடுப்பதும் நம் பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டாத விஷயங்கள். லொபாகினை வில்லனாக்கினால் பாதி அரங்கம் உங்களோடு வராது.

ஒலிகள் பற்றிய கடிதம் நவம்பர் 23. இரண்டாம் அங்கத்தில் வயல்வெளிப் பறவையையும் தவளையையும் கத்தவிட ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு ஆசை. செகாவின் பதில் ஒரு விவசாயியின் பதில் போல இருக்கிறது: புல் அறுப்பு ஜூன் 20, 25 வாக்கில் நடக்கும், அதற்குள் அந்தப் பறவை ஓய்ந்துவிடும், தவளையும் அடங்கிவிடும், மாங்குயில் மட்டும்தான் கூவும். கல்லறைத் தோட்டம் வேண்டாம், ஒழுங்கில்லாமல் கிடக்கும் இரண்டு மூன்று கற்கள் போதும். ரயிலைச் சத்தமே இல்லாமல், துளி சத்தம்கூட இல்லாமல் காட்ட முடிந்தால் காட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவு அடக்குவது ஏன்? அந்த அங்கத்தில் வானத்திலிருந்து வருவது போல ஒரு கம்பி அறுபடும் ஓசை வருகிறது. ஏற்கெனவே தவளையும் பறவையும் ரயிலும் கத்திக்கொண்டிருந்தால் அது யார் காதில் விழும்?

1904 ஜனவரி 17-இல் அரங்கேற்றம். அதற்குப் பிறகு செகாவ் யால்டாவிலிருந்து ஓல்காவுக்கு எழுதியவை கசப்பானவை. மார்ச் 29: கடைசி அங்கம் அதிகபட்சம் 12 நிமிடம் ஓட வேண்டும், நீங்கள் 40 நிமிடம் இழுக்கிறீர்கள், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என் நாடகத்தைக் கெடுத்துவிட்டார். (நாடகம் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னதை வைத்து எழுதியது இது.) ஏப்ரல் 10: விளம்பரங்களில் ஏன் என் நாடகத்தை இப்படிப் பிடிவாதமாகத் துன்ப நாடகம் என்றே போடுகிறார்கள்? நெமிரோவிச், ஸ்தனிஸ்லாவ்ஸ்கி இருவரும் ஒரு தடவைகூட அதைக் கவனமாகப் படிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன்.

12 நிமிடம் என்பது கோபத்தில் வந்த கணக்கு. அந்த அங்கத்தை அவ்வளவு வேகமாக யாராலும் முடிக்க முடியாது. ஆனால் பிரதியில் லொபாகின் சொல்வதைக் கவனியுங்கள்: ரயிலுக்கு இன்னும் 46 நிமிடம் இருக்கிறது, அப்படியென்றால் 20 நிமிடத்தில் நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். அவன் கடிகாரத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்கிறான். பார்வையாளரும் அதே கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். 40 நிமிடம் இழுத்தால் அந்தக் குடும்பம் ரயிலைத் தவறவிட்டிருக்கும்! லொபாகின் வார்யாவிடம் திருமணப் பேச்சு எடுக்காமல் போகும் காட்சி அந்த 20 நிமிடத்துக்குள் அவசர அவசரமாக நடப்பதால்தான் சிரிப்பும் வலியும் ஒன்றாக வருகின்றன. நிதானமாக நடித்தால் வலி மட்டும் மிஞ்சும், அதுவும் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிடும். நகைச்சுவை என்று செகாவ் சொன்னதை நான் வேகம் பற்றிய குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அதே சமயம் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியை முட்டாளாக்கிவிடாதீர்கள். அந்த நாடகத்தைப் படித்து அழுதவர் தவறாகப் படித்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசகனாக அழுவதில் தப்பில்லை. அந்த அழுகையை அப்படியே மேடைக்குக் கொண்டுபோனதில்தான் சிக்கல்.

எந்தப் பதிப்பைப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மரியா 1912 முதல் 1916 வரை ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். 1974 - 83-இல் வந்த 30 தொகுதி ரஷ்யப் பதிப்பில் 12 தொகுதி கடிதங்களே. ஆனால் இவை எல்லாவற்றிலும் வெட்டு உண்டு. கெட்ட வார்த்தைகள், உடலுறவு பற்றிய வரிகள், ஆட்சிக்குப் பிடிக்காதவை என்று நிறைய நீக்கினார்கள். 1890-இல் சகாலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் செகாவ் கொழும்பில் இறங்கினார். சொர்க்கம் இருந்த இடம் என்று இலங்கையைப் புகழ்ந்து சுவோரினுக்கு எழுதிய கடிதத்தில், அங்கே தென்னந்தோப்பில் கழித்த ஓர் இரவைப் பற்றிய வரிகளும் நெடுங்காலம் வெட்டப்பட்டே வந்தன. ஆங்கிலத்தில் படிப்பதாக இருந்தால் பழைய கான்ஸ்டன்ஸ் கார்னெட் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு, வெட்டுகளைச் சேர்த்துக் கொடுக்கும் ரோஸமண்ட் பார்ட்லெட்டின் 2004 தொகுப்பை எடுங்கள்.

உங்கள் குழுவுக்கு நேரம் குறைவு என்றால் 1903 செப்டம்பரிலிருந்து 1904 ஏப்ரல் வரை ஓல்கா, ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நெமிரோவிச் மூவருக்கும் எழுதியவற்றை வரிசையாகப் படியுங்கள், பதில் கடிதங்கள் கிடைக்கும் இடங்களில் அவற்றையும் சேர்த்து. அதற்கு முன்னால் 'இவானோவ்' பற்றிய அந்த நீண்ட கடிதம் ஒன்று. நடிகர்களிடம் அதைக் கொடுக்க வேண்டாம், இயக்குநர் மட்டும் படித்தால் போதும். நடிகர்களுக்கு ஆப்பிரிக்க வெயில் கடிதத்தையும் மாஷாவுக்கு எழுதியதையும் கொடுங்கள். ஒலி அமைப்பவரிடம் மாங்குயில் கடிதம்.